கடல்நீரில் காய்ச்சிய பீர்

சொகுசுக் கப்பலில் என்னென்ன பீர் கிடைக்கும் என்று கேட்பவர்களிடம் திருப்பிக் கேட்க வேண்டியது ஒன்றுதான்: கப்பல் எந்த ஊரிலிருந்து கிளம்புகிறது, அதில் ஏறுகிறவர்கள் யார்? எந்த ஊருக்குப் போகிறது என்பது இரண்டாம்பட்சம். சவுத்தாம்ப்டனிலிருந்து பிரிட்டிஷ் பயணிகளோடு புறப்படும் பி அண்ட் ஓ கப்பலில் ஏல் வகைகள் இருக்கும். ஜெர்மானியர்களுக்காகவே ஓடும் ஐடா கப்பல்களில் ஜெர்மன் பீர் இருக்கும். மயாமியிலிருந்து கரீபியன் கடலுக்குள் போகும் அமெரிக்கக் கப்பலில் பட் லைட், கூர்ஸ் லைட், மில்லர் லைட், பக்கத்தில் கொரோனா, ஹைனெகன். அது ஜமைக்காவில் நின்றாலும் மெக்சிகோவில் நின்றாலும் இந்தப் பட்டியல் பெரிதாக மாறாது. வீட்டில் குடிப்பதையே கடலிலும் கேட்பார்கள் என்பது கப்பல் கம்பெனிகளின் கணக்கு.

அந்தக் கணக்கில் நியாயமும் உண்டு. காலையில் துறைமுகத்துக்கு வரும் கப்பல் பழைய பயணிகளை இறக்கி, புதியவர்களை ஏற்றிக்கொண்டு அன்று மாலையே கிளம்பிவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் ஒரு வாரத்துக்கான அரிசி, இறைச்சி, காய்கறியோடு பீரும் ஏறியாக வேண்டும். அமெரிக்காவில் புழங்கும் பெரிய பீப்பாய் ஒன்றில் சுமார் 58 லிட்டர் பிடிக்கும்; நிரம்பியிருந்தால் எடை 70 கிலோவைத் தாண்டும். அவற்றையெல்லாம் கீழ்த்தளத்துக் குளிர் அறைக்குக் கொண்டுபோய் அடுக்க வேண்டும். நடுக்கடலில் ஒரு வகை தீர்ந்தால் தீர்ந்ததுதான். அதனால் கட்டாயம் விற்றுப்போகும் சரக்குக்கே இடம் கிடைக்கிறது.

சட்டமும் குறுக்கே வரும். கப்பல் துறைமுகத்தில் நிற்கும்வரை அந்த ஊரின் வரிவிதி அதன் மதுக்கூடத்துக்கும் பொருந்தும். டெக்சாஸ் மாநிலத்தின் கால்வெஸ்டனிலிருந்து கிளம்பும் கார்னிவல் கப்பல்களில், மொத்தமாகப் பணம் கட்டி வாங்கும் பானத் திட்டம் முதல் நாளில் செல்லாது என்ற நிலை வெகுகாலம் இருந்தது. சரி, நாமே வாங்கிக்கொண்டு போகலாமே என்றால் அதற்கும் வழியில்லை. கார்னிவல் கப்பலில் ஏறும்போது வயது வந்த ஒருவர் 750 மில்லி ஒயின் ஒன்றைக் கையில் கொண்டுபோகலாம். பீருக்கு அனுமதி கிடையாது.

இந்தச் சலிப்பை உடைக்க இரண்டு வழிகளில் முயன்றிருக்கிறார்கள். முதலாவது, பட்டியலை நீட்டுவது. 2015ல் வந்த நார்வீஜியன் எஸ்கேப் கப்பலின் டிஸ்ட்ரிக்ட் ப்ரூ ஹவுஸில் 24 குழாய்கள், அதற்கு மேல் 50க்கும் அதிகமான பாட்டில், கேன் வகைகள். மயாமியின் வின்வுட் மதுவடிப்பகத்தின் பீரும் அங்கே இருந்தது. அதே ஆண்டு வந்த பி அண்ட் ஓவின் பிரிட்டானியாவில் பிரிட்டிஷ் பீர்களுக்கென்றே ஒரு கூடம் வைத்து, கம்பெனியின் நிறுவனர்களில் ஒருவரான பிராடி மெக்கீ வில்காக்ஸின் நினைவாக பிராடீஸ் என்று பெயரிட்டார்கள். நல்ல முயற்சிகள்தான். ஆனால் குழாய்களின் எண்ணிக்கையை வைத்து மயங்கக் கூடாது. வேகமாக விற்காத பீரின் பீப்பாய் திறந்தபடியே நாள்கணக்கில் கிடக்கும், சுவை மங்கும். எந்தப் பீப்பாய் சமீபத்தில் திறந்தது என்று பரிமாறுகிறவரிடமே கேட்டுவிடுவது நல்லது. அவர்கள் மறைப்பதில்லை.

இரண்டாவது வழிதான் என்னை ஈர்க்கிறது. பீரைக் கப்பலிலேயே காய்ச்சுவது.

2010ல் ஜெர்மனியின் பாப்பன்பர்கிலுள்ள மேயர் கப்பல்தளத்திலிருந்து ஐடாப்ளூ வெளிவந்தபோது, அதன் உள்ளே பிரௌஹவுஸ் என்ற பெயரில் ஒரு முழு மதுவடிப்பகம் இருந்தது. சொகுசுக் கப்பல் ஒன்றில் பீர் காய்ச்சும் கூடம் வந்தது அதுதான் முதல்முறை. மால்ட்டும் ஹாப்ஸும் கரையிலிருந்து வரும். தண்ணீர் மட்டும் கடலிலிருந்து. பெரிய கப்பல்கள் எல்லாமே கடல்நீரைக் குடிநீராக்கித்தான் பிழைக்கின்றன. நெம்மேலி ஆலைகளின் தண்ணீரைக் குடிக்கும் சென்னைவாசிகளுக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை. வியப்பு, அந்தத் தண்ணீர் பீருக்கு என்ன செய்கிறது என்பதில் இருக்கிறது.

பீரில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். உலகின் புகழ்பெற்ற பீர் வகைகள் பலவும் அந்தந்த ஊர்த் தண்ணீரின் குணத்தால் பிறந்தவை. செக் நாட்டுப் பில்சன் நகரத் தண்ணீரில் உப்புச்சத்து மிகக் குறைவு. 1842ல் யோசப் க்ரோல் என்ற பவேரியக்காரர் அங்கே காய்ச்சிய பொன்னிற லாகர்தான் இன்று உலகம் முழுக்கக் குடிக்கப்படும் பீருக்கு மூலம். அதற்கு நேர் எதிர் இங்கிலாந்தின் பர்ட்டன். அங்கே கிணற்றுநீரில் ஜிப்சம் மிகுதி. அந்தத் தண்ணீர் ஹாப்ஸின் கசப்பைக் கூர்மையாக எடுத்துக் காட்டும். உப்பு நீக்கிய கடல்நீரில் ஏறக்குறைய எந்தத் தாதுவும் இல்லை. எனவே கப்பலில் காய்ச்சுபவர் வெறும் தண்ணீரிலிருந்து தொடங்குகிறார். அப்படியே விட்டால் பில்சன் பக்கம் நிற்கும். ஜிப்சத்தைக் கரைத்தால் பர்ட்டன் பக்கம் நகரும். கரையில் ஊருக்கு ஊர் தேடிப் போக வேண்டிய தண்ணீரை அவர் ஒரே தொட்டியில் தயாரித்துக்கொள்ளலாம்.

அமெரிக்கத் துறைமுகத்தை மையமாக வைத்து ஓடும் கப்பல்களில் முதல் மதுவடிப்பகம் 2016ல் கார்னிவல் விஸ்டாவில் வந்தது. 1,33,500 டன் கப்பல்; ரெட்ஃப்ராக் பப் அதன் ஐந்தாம் தளத்தில். கண்ணாடிக்குப் பின்னால் எஃகுத் தொட்டிகள் நிற்கின்றன. கப்பலில் தீயைவிடப் பெரிய பயம் வேறில்லை என்பதால் அங்கே திறந்த அடுப்புக்கு வழியில்லை. கப்பல் ஆடும்போது கொதிக்கும் மால்ட் சாறும் ஆடும் என்பதால் அண்டாவை விளிம்புவரை நிரப்ப முடியாது. இடமும் கொஞ்சம்தான்.

அந்த இடநெருக்கடிதான் பீரின் வகையையே முடிவு செய்திருக்கிறது என்பது என் எண்ணம். தொடக்கத்தில் மூன்று பீர்கள் காய்ச்சினார்கள்: தர்ஸ்டிஃப்ராக் போர்ட் ஹாப்பின் ஐபிஏ (இந்தியா பேல் ஏல்), தர்ஸ்டிஃப்ராக் கரீபியன் வீட், ஃப்ரிஸ்கிஃப்ராக் ஜாவா ஸ்டவுட். மூன்றுமே ஏல் குடும்பம். ஏலுக்கான ஈஸ்ட் அறை வெப்பத்தை ஒட்டிய சூட்டில் சில நாட்களில் வேலையை முடித்துவிடும். லாகர் குளிரில் வாரக்கணக்காகப் படுத்துக் கிடக்க வேண்டும். நான்கைந்து தொட்டிகளை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கொடுக்க வேண்டுமென்றால் ஏல்தான் கைகொடுக்கும். தண்ணீரோ லாகருக்குப் பொருத்தமானது. தொட்டியோ ஏலைக் கேட்கிறது. இந்த இழுபறியைத் தாண்டி வருவதால்தான் அந்தக் கோப்பைக்கு நான் மதிப்புக் கொடுக்கிறேன். சிறு கிளாஸ்களில் மூன்றையும் வரிசையாக வாங்கினால் வித்தியாசம் கண்ணிலேயே தெரியும்: கலங்கலான இளமஞ்சளில் கோதுமை பீர், செம்பொன் நிறத்தில் ஐபிஏ, காபித்தூள் மணத்தோடு கருப்பு ஸ்டவுட். நீச்சல்குளத்து வெயிலில் கோதுமை பீர். ஏசி குளிரும் கூடத்தில் இரவு நேரத்துக்கு ஸ்டவுட்.

கடலில் பீர் காய்ச்சும் யோசனை இதற்கெல்லாம் வெகு முந்தியது. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், பசிபிக் கடலில் இருந்த பிரிட்டிஷ் மாலுமிகளுக்கு பீர் கொண்டுபோய்ச் சேர்ப்பது பெரும்பாடாக இருந்தது. 1929ல் சரக்குக் கப்பலாகக் கட்டப்பட்டு, போரில் கடற்கண்ணி பதிக்கப் பயன்பட்ட மெனஸ்தியஸ் என்ற கப்பலை கனடாவின் வான்கூவரில் வைத்து மிதக்கும் கேளிக்கைக் கூடமாக மாற்றினார்கள். நாடக அரங்கு, கேன்டீன், கூடவே மதுவடிப்பகம். காய்ச்சி வடித்த கடல்நீரில் மால்ட் சாறும் ஹாப்ஸும் சேர்த்து ஆங்கிலேய மைல்ட் ஏல் தயாரித்தார்கள். வேலை முடிவதற்குள் போர் முடிந்துவிட்டது. ஆனாலும் அந்தக் கப்பல் யோகஹாமா, ஷாங்காய், ஹாங்காங் என்று போய், ஊர் திரும்பக் காத்திருந்த படையினருக்கு பீர் ஊற்றியது. அதன் மதுவடிப்பகத்துக்கு டேவி ஜோன்ஸ் பிரூவரி என்று பெயர்.

விஸ்டாவின் ஐபிஏவுக்கும் கடலோடு பழைய கணக்கு இருக்கிறது, அது நம் கரைவரை வருகிறது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் லண்டனின் கிழக்கே ஹாட்சனின் போ மதுவடிப்பகம் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் நிற்கும் பிளாக்வால் பக்கத்திலேயே இருந்ததாலும், கப்பல் தலைவர்களுக்கு 18 மாதம்வரை கடன் கொடுத்ததாலும் ஹாட்சனின் பீர் கல்கத்தாவுக்கும் மெட்ராஸுக்கும் ஏறியது. ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கான பயணம், பூமத்திய ரேகையை இருமுறை கடக்க வேண்டும். ஹாப்ஸ் தூக்கலான பீர் அந்தச் சூட்டைத் தாங்கியது. 1820களில் பர்ட்டனின் ஆல்சாப் மதுவடிப்பகம் போட்டிக்கு வந்தபோது அந்த ஜிப்சம் தண்ணீர் ஹாட்சனைப் பின்னுக்குத் தள்ளியது. கடலைத் தாண்டி வருவதற்கு ஏற்றதாகப் பெயர் வாங்கிய வகை இன்று கடல்நீரிலேயே காய்ச்சப்படுகிறது. பீரின் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த திருப்பம் இது.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கார்னிவல் பிறகு தன் பீர்களை ஃப்ளோரிடாவின் லேக்லேண்டில் உள்ள ஒரு மதுவடிப்பகத்தில் காய்ச்சி, பீப்பாயிலும் கேனிலும் அடைத்து மற்றக் கப்பல்களுக்கும் அனுப்பத் தொடங்கியது. தவளைப் பெயர் போட்ட கேனைக் கையில் பிடித்தால் மட்டும் போதாது. அது கரைத் தண்ணீரில் பிறந்ததாக இருக்கலாம். கடல்நீர் பீர் வேண்டுமென்றால் மதுவடிப்பகம் உள்ள கப்பலில் ஏறி, தொட்டியிலிருந்து வருவது எது என்று கேட்டுக் குடிக்க வேண்டும்.

கப்பல் கம்பெனிகளிடம் என் கோரிக்கை வேறு. கரீபியன் தீவுகள் பலவற்றிலும் சொந்த பீர் உண்டு: ஜமைக்காவில் ரெட் ஸ்ட்ரைப், பார்படோஸில் பேங்க்ஸ், டிரினிடாடில் கேரிப், பஹாமாஸில் காலிக், டொமினிக்கன் குடியரசில் பிரெசிடென்டே. இவற்றில் ஒன்றிரண்டு கப்பல் பட்டியலில் எட்டிப் பார்ப்பதுண்டு, அவ்வளவே. அரூபாவில் பாலாஷி இருக்கிறது. மழை குறைந்த அந்தத் தீவு, குடிப்பதற்கும் பீர் காய்ச்சுவதற்கும் கடல்நீரைத்தான் சுத்திகரிக்கிறது. அந்தச் சுத்திகரிப்பு ஆலை இருக்கும் இடத்தின் பெயரே பீருக்கும். கப்பல்களில் புதுமை என்று சொல்லிக்கொள்வது அங்கே தினசரி வழக்கம். தெற்குக் கரீபியன் பயணத்தில் அரூபாவில் நிற்கும் கப்பல், அன்று காலை பத்துப் பீப்பாய் பாலாஷியை ஏற்றி, அன்று இரவே தன் சொந்த பீருக்குப் பக்கத்துக் குழாயில் விட்டால் செலவு பெரிதாக ஆகாது. அடுத்த தீவில் அடுத்த பீர். குழாய்கள் பல இருக்கின்றன, ஒன்றை ஊருக்கு ஊர் மாற்றுவதற்கென்று ஒதுக்கினால் போதும்.