உங்களுக்குத் தெரியுமா? கூழைப் புளிக்கவிடுவது எதற்கு?

ஆடி மாதம் ஆர்.கே.பேட்டைப் பக்கம் அம்மன் கோயில்களில் ஊற்றும் கேழ்வரகுக் கூழைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் தேறினாலே அதிகம். ஆனால் கேழ்வரகிலுள்ள ஃபைட்டிக் அமிலம் கால்சியத்தையும் இரும்புச்சத்தையும் உடம்பில் முழுதாகச் சேரவிடாது. முந்தின நாளே மாவைக் கரைத்துப் புளிக்க வைக்கிறார்களே, அங்கேதான் விஷயம் இருக்கிறது: புளிக்கும்போது அந்த அமிலம் பெருமளவு சிதைந்துவிடுகிறது. முளைகட்டினாலும் இதே பலன்தான்.

அந்தப் பக்கம் தறியில் உட்காருகிறவர்கள் கூழ் குடித்த கையோடு டீ குடிக்க வேண்டாம். டீயிலுள்ள டானின் இரும்புச்சத்தைத் தடுக்கும். ஒரு மணி நேரம் போகட்டும். கடித்துக்கொள்ள மாங்காய்த் துண்டு கிடைத்தால் விடாதீர்கள், அதன் வைட்டமின் சி இரும்புச்சத்து சேர உதவும்.