ஆலிவை மறந்த ஆயில்

டீ கொஞ்சம் ஆறட்டும். அதற்குள் அலமாரியில் இருக்கிற அந்தப் பாட்டிலைப் பாருங்கள். 'ஆலிவ் ஆயில்' என்று போட்டிருக்கிறது. இந்த இரண்டு சொல்லில் ஒன்று வேண்டாதது. ஏனென்றால், ஆதியில் 'ஆயில்' என்றாலே ஆலிவைப் பிழிந்து எடுத்தது என்றுதான் அர்த்தம்.

கதை கிரேக்கத்தில் தொடங்குகிறது. அங்கே ஆலிவுக்கு 'எலையா' என்று பெயர். அதன் எண்ணெய் 'எலையோன்'. கிரீட் தீவின் நாஸஸ் அரண்மனையில் கிடைத்த களிமண் பலகைகளுக்கு 3,000 வயதுக்கு மேல். அவற்றிலேயே இந்த எண்ணெய்க் கணக்கு எழுதப்பட்டிருக்கிறது. கிரேக்கரிடமிருந்து லத்தீன் பேசியவர்கள் இந்தச் சொல்லை வாங்கித் தங்கள் நாக்குக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள். கனி 'ஒலிவா' ஆயிற்று, எண்ணெய் 'ஓலியம்' ஆயிற்று.

ரோமானியருக்குச் சமைக்க, விளக்கெரிக்க, உடம்பில் தேய்த்துக்கொள்ள எல்லாவற்றுக்கும் இதுதான். எவ்வளவு செலவழித்தார்கள் என்பதற்கு ரோம் நகரில் ஒரு குன்றே சாட்சி. மோன்டே தெஸ்தாச்சோ என்று பெயர். உயரம் சுமார் 35 மீட்டர். மலையென்று நினைத்துவிடாதீர்கள், அத்தனையும் உடைந்த எண்ணெய் ஜாடிகள். பெரும்பாலானவை தென் ஸ்பெயினிலிருந்து கப்பலில் வந்தவை. எண்ணெய் ஊறிப்போன ஜாடி வேறெதற்கும் உதவாது என்று உடைத்து அடுக்கிவிட்டார்கள்.

சரக்கு போன வழியில் சொல்லும் போயிற்று. இத்தாலியில் அது 'ஓலியோ'. ஆலிவ் மரம் தாக்குப்பிடிக்காத குளிர்நாடுகளுக்கும் பெயர் மட்டும் போய்ச் சேர்ந்தது: ஜெர்மானியர் உதட்டைக் குவித்துக்கொண்டு 'ஏல்' என்பார்கள், போலந்தில் 'ஒலெய்', வேல்ஸில் 'ஒலெவ்'.

பிரெஞ்சு உச்சரிப்பு நம் காதுக்கு 'உயில்' போலக் கேட்கும். எழுதும்போது முன்னால் ஒரு 'ஹெச்' உண்டு. வாய் அதைச் சீண்டுவதே இல்லை. பிறகு எதற்கு? பழைய எழுத்தில் 'யு', 'வி' இரண்டுக்கும் ஒரே வடிவம். யாராவது 'வில்' என்று படித்துவிடப்போகிறார்களே என்று வைத்த காவல்காரன் அது. 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, அவர்கள் பேசிய பிரெஞ்சு வழியாகத்தான் 'ஆயில்' ஆங்கிலத்துக்குள் நுழைந்தது.

வேடிக்கை போர்ச்சுகலில் இருக்கிறது. அரபு ஆட்சி நடந்த மண் என்பதால் அரபியின் 'ஸைத்' அங்கே 'அஸெய்த்' ஆகத் தங்கிவிட்டது. அரபியில் ஆலிவ் 'ஸைத்தூன்', எண்ணெய் 'ஸைத்'. அங்கேயும் இதே உறவுதான். போர்ச்சுகீசியர் ஆலிவ் எண்ணெயை மட்டும் 'அஸெய்த்' என்கிறார்கள். சூரியகாந்தி, சோயா போன்ற மற்றவையெல்லாம் 'ஓலியோ'. ஆலிவில் பிறந்த லத்தீன் சொல், ஆலிவைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும்!

நிலத்தடியில் கிடைத்ததையும் இந்தச் சொல் விடவில்லை. லத்தீனில் 'பெட்ரா' என்றால் பாறை. பாறையின் ஓலியம் பெட்ரோலியம். அதற்கும் ஆலிவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இதைக் கேட்டுச் சிரிக்கிறோம். ஆனால் நாம் என்ன செய்தோம்? எள்ளின் நெய் எண்ணெய். அப்படியானால் தேங்காய் எண்ணெய் என்பது தேங்காயின் எள்நெய்; மண்ணெண்ணெய் மண்ணின் எள்நெய். அன்றாடம் அதிகம் புழங்கிய ஒன்றின் பெயர் அந்த இனம் முழுவதற்கும் பெயராகிவிடுகிறது. அப்புறம் பெயரைக் கொடுத்தவரே கூட்டத்தில் காணாமல் போகிறார். தன்னை அடையாளம் காட்ட அவருக்கே ஓர் அடைமொழி வேண்டியிருக்கிறது. எள்ளுக்கு நாம் 'நல்ல' என்று சேர்த்து நல்லெண்ணெய் ஆக்கியது அப்படித்தான்.

ஆகையால் பாட்டிலில் ஒரு சொல் வேண்டாதது என்று சொன்னேனே, அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். டீ ஆறிவிட்டது, குடியுங்கள்.