கல்லூரி நூலகத்தில் ஒரு பொத்தான் அறை

ஒரு காலத்தில் கல்லூரி மாணவனுக்கு வேண்டியவை நோட்டுப் புத்தகம், பேனா, நூலக அட்டை ஆகிய மூன்றுதாம். பேராசிரியர் கட்டுரை எழுதி வரும்படி பணிப்பார். மாணவன் இரவு கண்விழித்து எழுதி, மறுநாள் அவர் மேசைமேல் வைத்துவிடுவான். கட்டுரை நன்றாக அமைவதும் அமையாததும் அவன் அறிவையும் உழைப்பையும் பொறுத்தவையாக இருந்தன. விலையுயர்ந்த பேனாவால் எழுதினான் என்பதற்காக எவனுக்கும் கூடுதல் மதிப்பெண் கிடைத்ததில்லை.

இன்றோ நிலைமை வேறு. "இப்பாடத்தைப் பற்றி ஐந்து நிமிட வீடியோ ஒன்று தயாரித்து வாருங்கள்" என்கிறார் பேராசிரியர். "மூன்று முதியவர்களைப் பேட்டி கண்டு, ஒலிப்பதிவு செய்து, தொகுத்துக் கொணருங்கள்" என்கிறார் மற்றொருவர். இதற்குக் காமிரா வேண்டும், மைக் வேண்டும், தொகுப்பதற்கேற்ற கணிப்பொறி வேண்டும். இவை வசதியுள்ள வீட்டில் இருக்கும். மற்ற வீட்டில்? அங்கே பிறந்த பிள்ளை அறிவில் குறைந்தவன் அல்லன். ஆயினும் அவனது படைப்பு மங்கலாகவும் இரைச்சலாகவும் வந்து நிற்கும். கல்வியில் நாம் அரும்பாடுபட்டுக் கொணர்ந்த சமத்துவம் இந்த இடத்தில் சத்தமின்றிச் சரிந்துவிடக்கூடும் அன்றோ?

இக்கேள்விக்கு விடையாகத்தான் மேனாடுகளின் கல்லூரி வளாகங்களில் 'டிஜிட்டல் ஊடக ஆய்வகம்' என்னும் புதிய இடம் தோன்றியிருக்கிறது. பெரும்பாலும் அது நூலகத்தின் உள்ளேயே அமைந்திருக்கும். புத்தகத்தை இரவல் தருவதுபோல் அங்கே காமிராவையும் மைக்கையும் இரவல் தருவர். அதனினும் மேலாக, அவற்றைக் கையாளக் கற்றுத்தர ஆள் இருப்பர்.

பொத்தானை அழுத்தினால் போதும்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள பென் ஸ்டேட் பல்கலைக் கழகத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 1855-இல் நிறுவப்பட்ட இக்கல்வி நிலையத்தில் 'மீடியா காமன்ஸ்' என்னும் பிரிவு இயங்குகிறது. 'காமன்ஸ்' என்னும் சொல்லுக்கு ஊர்ப் பொது நிலம் என்பது பழம் பொருள். யார் வீட்டு ஆடும் மாடும் மேயலாம் என்று விடப்பட்ட புல்வெளியைப் போல, எந்தத் துறை மாணவரும் வந்து பயன்படுத்தலாம் என்பதே இப்பெயரின் கருத்து.

2010-ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் இப்பிரிவினர் 'ஒன் பட்டன் ஸ்டூடியோ', அதாவது ஒரே பொத்தானில் இயங்கும் படப்பிடிப்பு அறை ஒன்றை உருவாக்கினர். காமிராவின் நுணுக்கம், விளக்குகளின் அமைப்பு, மைக்கின் அளவு ஆகிய எதையும் அறியாத மாணவனும் தன் பேச்சைப் பதிவு செய்ய இயல வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். அறையிலே காமிரா, மைக், விளக்குகள் யாவும் முன்னரே உரிய இடத்தில் பொருத்தப்பட்டுள்ளன. மாணவன் தன் சட்டைப் பையிலுள்ள சிறிய பென் டிரைவைக் கொண்டு வந்து செருகுகிறான். உடனே அறை விழித்துக்கொள்கிறது, விளக்குகள் எரிகின்றன. மேசைமேல் உள்ள பொத்தானை ஒருமுறை அழுத்தினால் பதிவு தொடங்கும். மறுமுறை அழுத்தினால் நின்றுவிடும். பதிவான படம் அந்தப் பென் டிரைவிலேயே சேர்ந்துவிடும். அதை எடுத்துக்கொண்டு அவன் வெளியேறலாம்.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும். ஆனால் இந்த எளிமைதான் அச்சத்தைப் போக்கியது. கருவியைக் கண்டு தயங்கும் பிள்ளைகள், அதைப் பற்றிக் கவலைப்படாமல், தாம் சொல்ல வந்ததைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கினர். இதை இயக்கும் கணிப்பொறிச் செயலியைப் பென் ஸ்டேட் தன்னிடமே பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. பிறரும் பெறும்படி இலவசமாக வெளியிட்டது. அதனால் வேறு பல பல்கலைக் கழகங்களும் இதுபோன்ற அறைகளை அமைத்துக்கொண்டன.

செய்து தருவதன்று, செய்யக் கற்றுத்தருவது

இத்தகைய ஆய்வகங்களில் ஒரு நியதி உண்டு. மாணவனின் வேலையைப் பணியாளர் செய்து தரமாட்டார். அவன் பக்கத்தில் அமர்ந்து வழிகாட்டுவார். கரும்பலகையில் ஆசிரியர் கணக்கைப் போட்டுவிட்டால் பிள்ளை கற்றுக்கொண்டதாகுமா?

அவர்கள் கற்றுத்தரும் பாடங்கள் சிலவற்றை நாமும் அறிந்துகொள்வது நல்லது. வீட்டில் கைப்பேசி வைத்திருக்கும் எவருக்கும் இவை பயன்படும்.

முதலாவது, காமிராவைத் தொடுமுன் காகிதத்தைத் தொடுக. எதைச் சொல்லப் போகிறோம், எந்த வரிசையில் சொல்லப் போகிறோம் என்பதை எழுதிக்கொள்ளாதவன், பத்து மடங்கு நேரத்தைத் தொகுப்பதில் செலவிடுவான்.

இரண்டாவது, படத்தைவிட ஒலியே முக்கியம். சற்று மங்கிய படத்தைப் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வர். கேட்காத பேச்சைப் பொறுத்துக்கொள்ளமாட்டார். எனவே மைக் பேசுபவரின் வாய்க்கு அருகில், ஏறத்தாழ ஒரு சாண் தொலைவில் இருக்க வேண்டும். வெறும் சுவர்கள் கொண்ட அறையில் குரல் எதிரொலிக்கும். திரைச்சீலையும் மெத்தையும் உள்ள அறை நன்று. மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும்.

மூன்றாவது, வெளிச்சம் பேசுபவரின் முகத்தில் விழ வேண்டும். சாளரத்திற்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் கரிய நிழலாகிவிடும்.

நான்காவது, முடித்த வேலையை ஒரே இடத்தில் வைக்காதீர். இதற்கு 'மூன்று, இரண்டு, ஒன்று' என்றொரு விதி வழங்குகிறது. மூன்று பிரதிகள் இருக்க வேண்டும். அவை இருவகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். ஒரு பிரதியேனும் வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். தேர்வுக்கு முந்திய நாள் கணிப்பொறி பழுதாகி, ஓராண்டு உழைப்பை இழந்த மாணவர்கள் எல்லா நாடுகளிலும் உண்டு.

இருநூற்றைம்பது சொற்களில் ஒரு வாழ்க்கை

கருவிகள் கையில் வந்தபின் அவற்றால் எதைச் செய்வது? இதற்கு அழகான விடை கண்டவர்கள் சிலர் கலிபோர்னியாவில் இருந்தனர். டானா ஆச்லி, ஜோ லாம்பர்ட், நீனா மல்லன் ஆகியோர் 1994-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு டிஜிட்டல் ஊடக நிலையத்தைத் தொடங்கினர். பின்னர் அது பெர்க்லி நகருக்கு மாறி, 'டிஜிட்டல் கதைசொல்லல் மையம்' எனப் பெயர் பெற்றது. அங்கு நடந்த பயிற்சி முகாம் சில நாட்களே. கூடியிருப்பவர்கள் வட்டமாக அமர்ந்து, தத்தம் வாழ்வின் ஒரு நிகழ்ச்சியைச் சொல்வர். பிறர் செவிமடுப்பர். பின்னர் அதைச் சுருக்கமாக எழுதி, தம் குரலிலேயே படித்துப் பதிவு செய்து, வீட்டிலுள்ள பழைய புகைப்படங்களை அதனோடு சேர்த்துச் சிறு படமாக்குவர்.

இம்முறையைப் பிரிட்டனுக்குக் கொண்டு சென்றவர் கார்டிப் பல்கலைக் கழக விரிவுரையாளர் டேனியல் மெடோஸ். பி.பி.சி. வானொலி, தொலைக்காட்சி நிறுவனத்தின் வேல்ஸ் பிரிவு அவரோடு சேர்ந்து 2001-இல் 'கேப்சர் வேல்ஸ்' என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. அது 2008 வரை நடந்தது. ஊர் ஊராகச் சென்று பயிற்சி அளித்தனர். ஏறக்குறைய 250 சொற்கள், ஒரு டஜன் படங்கள், இரண்டு நிமிட நேரம் என்பதே அவர் வகுத்த அளவு. அதற்குமுன் காமிராவையே தொட்டறியாத எளிய மக்களும் இந்தச் சிறிய அளவுக்குள் தம் வாழ்வைச் சொன்னார்கள். குறுகிய அளவு என்பது தடையாகத் தோன்றினாலும், உண்மையில் அது துணையாயிற்று. வீண் சொல்லை நீக்கி, உள்ளத்தில் உள்ளதை மட்டும் வைக்க அது பழக்கிற்று.

அலமாரியில் அழியும் குரல்கள்

வளாக ஆய்வகங்கள் ஆற்றும் மற்றொரு பணி, பழைய ஒலிநாடாக்களையும் வீடியோ நாடாக்களையும் எண்முறைக் கோப்புகளாக மாற்ற உதவுவது. இதில் காலம் நமக்கு எதிராக ஓடிக்கொண்டிருக்கிறது. ஒலிப்பதிவுக் கேசட் 1963-இல் பிலிப்ஸ் நிறுவனத்தாரால் வெளியிடப்பட்டது; வி.எச்.எஸ். வீடியோ நாடா 1976-இல் ஜப்பானில் வெளிவந்தது. இவற்றின் மேலுள்ள காந்தப் பூச்சு ஈரத்தாலும் வெப்பத்தாலும் மெல்ல மெல்லக் கெடுகிறது. நாடா நல்ல நிலையில் இருந்தாலும் அதை ஓட்டும் கருவி கிடைப்பதில்லை. வி.எச்.எஸ். கருவிகளைக் கடைசிவரை உற்பத்தி செய்துவந்த ஜப்பானிய நிறுவனமான புனாய் 2016 ஜூலையோடு அதை நிறுத்திவிட்டது. ஒரு காலத்தில் ஆண்டுக்கு ஒரு கோடியே ஐம்பது இலட்சம் கருவிகள் விற்ற அந்நிறுவனம், 2015-இல் விற்றது ஏழரை இலட்சமே.

இந்த ஆபத்தை உணர்ந்து பெரிய அளவில் செயல்பட்டது இண்டியானா பல்கலைக் கழகம். தன் வளாகத்தில் கணக்கெடுத்தபோது ஒலி, ஒளிப் பதிவுகளும் திரைப்படச் சுருள்களும் ஐந்து இலட்சத்திற்கு மேல் இருப்பது தெரியவந்தது. 2013-இல் ஒன்றரைக் கோடி டாலர் ஒதுக்கி, பல்கலைக் கழகத்தின் இருநூறாம் ஆண்டாகிய 2020-க்குள் முக்கியமானவற்றை எண்முறைக்கு மாற்றத் திட்டம் வகுத்தது. மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் இவ்வாறு காப்பாற்றப்பட்டன. இசைக் கலைஞர்களின் குரல்களும், ஆராய்ச்சியாளர்கள் பல நாடுகளில் பதிவு செய்த மொழிகளும் அவற்றுள் அடங்கும். அம்மொழிகளைப் பேசியோர் பலர் இன்று உயிரோடு இல்லை. நாடா அழிந்திருந்தால், அவர்கள் இரண்டாம் முறை மறைந்திருப்பர்.

கேளாதோர்க்கும் ஓர் இடம்

இனி, நாம் பெரும்பாலும் மறந்துவிடும் ஒன்றைக் கூறவேண்டும். வீடியோப் பாடம் காதுள்ளவர்க்குப் பாடம். காது கேளாதவர்க்கு அது வெறும் வாயசைவு. 2015-இல் அமெரிக்கச் செவிட்டோர் தேசியச் சங்கம், ஹார்வர்டு பல்கலைக் கழகத்தின்மீதும் எம்.ஐ.டி.யின்மீதும் வழக்குத் தொடுத்தது. அவை இலவசமாக வெளியிட்ட பாடங்களில் எழுத்து வடிவம் இல்லை, அல்லது பிழை மலிந்திருந்தது என்பது குற்றச்சாட்டு. எழுத்து வடிவம் சேர்ப்பதாக ஹார்வர்டு 2019-இலும் எம்.ஐ.டி. 2020-இலும் உடன்பாடு செய்துகொண்டன.

பெர்க்லியில் நடந்ததோ வருந்தத்தக்கது. அங்கே பொதுமக்களுக்கு வைத்திருந்த பாடங்கள் கேளாதோர்க்குப் பயன்படவில்லை என்று நீதித்துறை 2016-இல் சுட்டிக்காட்டியது. அவற்றைத் திருத்துவதற்குப் பெருஞ்செலவாகும் என்று கூறிய பல்கலைக் கழகம், 2017-இல் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகளைப் பொதுமக்கள் பார்வையிலிருந்தே எடுத்துவிட்டது. கேளாதோர்க்கும் கிடைக்கவில்லை, கேட்போர்க்கும் கிடைக்காமற் போயிற்று. 2022-இல்தான் நீதித்துறையோடு இணக்கம் ஏற்பட்டது.

இதிலிருந்து பெறும் படிப்பினை யாது? கட்டி முடித்த வீட்டில் பிறகு வாசல் வெட்டுவது கடினம். கட்டும்போதே வாசல் வைப்பது எளிது. ஆகவேதான் நல்ல ஆய்வகங்கள், வீடியோ தயாரிக்க வரும் மாணவனிடம் முதல் நாளே, "பேசுவதை எழுத்திலும் சேர்" என்று கற்பிக்கின்றன. இன்று கணிப்பொறியே எழுதித் தருகிறது. ஆயினும் பெயர்களிலும் ஊர்களிலும் அது தவறும். மனிதக் கண் ஒருமுறை படித்துத் திருத்தியே ஆகவேண்டும்.

அறமும் வேண்டும்

கருவியோடு சேர்த்துப் பொறுப்பையும் கற்பிக்க வேண்டும். பிறர் இயற்றிய பாடலைக் கேளாமல் எடுத்துத் தன் படத்தில் சேர்ப்பது, பிறர் தோட்டத்து மாம்பழத்தைப் பறிப்பதற்கு ஒப்பாகும். தம் படைப்பைப் பிறர் பயன்படுத்த மனமுவந்து அனுமதிப்போர் உளர்; அதற்கென 2001-இல் 'கிரியேட்டிவ் காமன்ஸ்' என்னும் அமைப்பே ஏற்பட்டது. அத்தகைய இசையையும் படங்களையும் தேடிக் காட்டுவது ஆய்வகப் பணியாளரின் அன்றாட வேலைகளுள் ஒன்று.

இசையைவிடப் பெரிது மனிதனின் மானம். பேட்டி தருபவரிடம், அது எங்கே வெளியாகும், யார் பார்ப்பர் என்று முன்னரே சொல்லி இசைவு பெற வேண்டும். ஏழை ஒருவரின் கண்ணீரைப் படம் பிடித்து நாம் மதிப்பெண் வாங்குவது மட்டும் போதாது. அவர் அதைக் காணும்போது தலைநிமிர்ந்து காணவேண்டும்.

பெற்றோர்க்கு ஒரு சொல்

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தின் உயரத்தையும் விடுதியின் வசதியையும் விசாரிக்கிறோம். இனி மற்றொன்றையும் விசாரிப்போம். "எங்கள் பிள்ளைக்குச் சொந்தமாகக் காமிரா இல்லை, அவன் படைக்க விரும்பினால் உங்கள் வளாகத்தில் யார் துணை நிற்பார்?" என்று கேட்போம். கருவிகள் பூட்டிய அலமாரியில் இருக்கின்றனவா, மாணவர் கையில் இருக்கின்றனவா என்பதையும் கேட்போம். இவ்வாறு கேட்கும் பெற்றோர் பலரானால், கல்லூரிகளும் விடை தேடத் தொடங்கும்.

மாணவர்களுக்கு நாம் சொல்வது இதுவே: உங்கள் முதல் படத்திற்குப் பொருள் தேடி எங்கும் அலைய வேண்டாம். வீட்டுத் திண்ணையில் பாட்டி இருக்கிறார். அவரருகே அமர்ந்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒரு கேள்வி கேளுங்கள். பிறகு பொறுமையாகச் செவிமடுங்கள். அக்குரலைப் பதிவு செய்ய இன்று உங்களால் முடியும். நாளை எந்த ஆய்வகத்தாலும் முடியாது.