பிடிமண்ணில் பிறக்கும் புரவிகள்

புதுக்கோட்டை, சிவகங்கைச் சீமைகளில் ஐயனாருக்குப் புரவி எடுப்பதென்று ஊர் கூடித் தீர்மானித்துவிட்டால், முதற்காரியமாக ஊர் மண்ணில் ஒரு பிடி எடுத்து மண்குதிரை செய்யும் குயவரான வேளார் கையில் கொடுக்கிறார்கள். அந்தப் பிடிமண் சேராமல் குதிரை உருப்பெறுவதில்லை. மழைக்காகவும் மகவுக்காகவும் மாட்டின் நோய் தீரவும் வேண்டிக்கொண்டவர்கள், தங்கள் வயலுக்கு நீர் தரும் கண்மாயின் களிமண்ணையே காணிக்கையாக உருமாற்றிச் செலுத்துகிறார்கள் என்றால், இயற்கையின்பால் மனிதர் கொண்ட பிரியத்தையும் பயத்தையும் நன்றியையும் இத்தனை நேராகப் பேசும் சிற்பம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

களிமண்ணோடு மணலும் உமியும் கலந்து மிதித்துப் பதப்படுத்தும் வேளார், முதலில் நான்கு கால்களையும் உள்ளே கூடான உருளைகளாக நிறுத்துகிறார். ஈரமண் பாரம் தாங்காதாகையால், கால்கள் இறுகிய பின்னரே வயிறு, வயிறு இறுகிய பின்னரே கழுத்து என்று, உட்புறம் ஒரு கையை அணைகொடுத்து, வெளிப்புறம் பலகையால் தட்டித் தட்டி உடலை வளர்த்துக்கொண்டு போகிறார். கழுத்து மணிகளை உருட்டி ஒட்டும் வேலை கடைசியில்தான். அரைகுறையாகக் காய்ந்த குதிரை சூளையில் வெடித்துவிடும். ஆகவே வெயிலின் தயவுக்குக் காத்திருப்பதும் இக்கலையின் ஓர் அங்கமே.

சுள்ளி ஒடிக்கவும் ஊரார் அஞ்சும் கோயிற்காட்டில், கண் திறந்து நிறுத்தப்பட்ட இப்புரவிகள் மழையில் நனைந்து, வேர் புகுந்து, காது உதிர்ந்து, மெல்ல மண்ணாகின்றன. அவற்றை யாரும் செப்பனிடுவதில்லை. அடுத்த எடுப்புக்குப் புதியவை வரும். குளமங்கலத்தில் 30 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் காரைக்குதிரையின் கம்பீரம் கண்ணை நிறைப்பது மெய்யே. மண்குதிரைக்குப் பதிலாக வைக்கும் சிமெண்டு உருவம் நெடுநாள் நிற்கும், செலவும் மிச்சம் என்று கூறுவோர் பக்கமும் நியாயம் உண்டு. ஆயினும், உடைந்த சிமெண்டு கிடந்த இடத்தில் கிடக்குமேயன்றி அந்தக் காட்டோடு கலப்பதில்லை.

என் கவலை குதிரையைக் காட்டிலும் கண்மாயைப் பற்றியது. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து இந்நாட்டுக்கு வந்த சீமைக்கருவேலம் எத்தனையோ கண்மாய்களின் உள்வாயை அடைத்து நிற்கிறது; வரத்துக்கால்கள் தூர்ந்துவிட்டன. நல்ல களிக்காக வேளார் அயலூருக்கு வண்டி கட்ட வேண்டிய நிலை வந்தால், பிடிமண் கொடுப்பது வெறும் சம்பிரதாயமாகிவிடாதா? புரவி எடுப்புக்கு வரி எழுதும்போதே, சீமைக்கருவேலத்தை வேரோடு களைவதற்கும் வரத்துக்கால் வெட்டுவதற்கும் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று ஊரார் சேர்த்து எழுத வேண்டும். வேளார் மண்ணெடுக்கக் கண்மாய்க்குள் ஓரிடத்தையும் எல்லை குறித்து ஒதுக்கித் தர வேண்டும்.