கழுத்து அதிர்வுக் காயமும் அதனின்று தேறும் வகையும்

நெல்மூட்டை ஏற்றிச் செல்லும் டிராக்டரின்மீது பின்னால் வரும் லாரி மோதுமாயின், அதில் அமர்ந்திருப்பவருடைய உடல் திடீரென முன்னே தள்ளப்படும். ஏறக்குறைய 5 கிலோ எடையுள்ள தலையோ பின்தங்கி, மறுகணமே முன்னோக்கி வீசப்படும். சொடுக்கிய சாட்டையின் நுனி துள்ளுவதையொத்த இவ்வசைவினால் கழுத்தின் தசைகளும் நார்களும் நைந்துபோகின்றன. வெளிக்காயம் காணப்படாமையாலும், வலி பெரும்பாலும் சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ தோன்றுவதாலும், பலர் இதனை அலட்சியம் செய்கின்றனர்.

அபாயக் குறிகள்:— கைகால்கள் மரத்தல் அல்லது பலமிழத்தல், நினைவு தவறுதல், நடுக்கழுத்தெலும்பில் கடும் வலி, தலையைத் திருப்ப இயலாமை ஆகியவை காணப்பட்டால், எலும்பு முறிவோ தண்டுவடச் சேதமோ இருக்கக்கூடும். அத்தகையவரைத் தூக்கி உட்காரவைத்தல் ஆகாது. தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு, 108 ஆம்புலன்ஸுக்கு உடனே தெரிவிக்குமாறு கிராம அதிகாரிகள் பார்த்துக்கொள்ள வேண்டும். கழுத்தைத் திருகிச் சுளுக்கெடுப்பது மிகவும் ஆபத்தானது.

சிகிச்சை:— முற்காலத்தில் கழுத்துப்பட்டை அணிவித்துப் பல நாள் ஓய்வில் வைப்பது வழக்கம். கனடாவின் கியூபெக் மாகாணத்து நிபுணர் குழு 1995-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, நீடித்த ஓய்வைவிட விரைவில் வழக்கமான அலுவல்களுக்குத் திரும்புதலே நன்றென்று எடுத்துரைத்தது. ஆதலால், எலும்பு முறிவில்லையென்று டாக்டர் உறுதி கூறியபின், நேராக அமர்ந்து தலையை இருபுறமும் மெதுவாகத் திருப்புதலும், காதைத் தோளின்பக்கம் சாய்த்தலும், முகவாயை மார்பை நோக்கித் தாழ்த்துதலும் தினமும் பலமுறை செய்யத்தக்கவை. சிறிது இழுப்பு உண்டாவதற்கு அஞ்ச வேண்டியதில்லை. வலி கைக்குப் பரவினால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்ட வேண்டும். இளஞ்சூடான ஒத்தடமும் டாக்டர் கொடுக்கும் மாத்திரையும் வலியைத் தணித்து, அசைவிற்கு உதவும்.

வேலைக்குத் திரும்புதல்:— பெரும்பாலோர் 3 மாதத்திற்குள் பெரிதும் தேறுவர். சிலருக்கு வலி அதற்கு மேலும் நீடிக்கும். கவலையும் தூக்கமின்மையும் குணமடைதலைத் தாமதப்படுத்துமாகையால், வெளிக்காயம் இல்லாதவனைச் சோம்பேறியென இகழ்தல் தகாது. அறுவடை நெருக்கத்திலும் பண்ணையாளுக்கு முதலில் நீர் பாய்ச்சுதல், களத்தைக் காத்தல் போன்ற இலேசான வேலைகளையே கொடுத்து, மூட்டை தூக்குதலையும் தலைச்சுமையையும் கடைசியாகவே ஒப்படைக்க வேண்டும். இருபுறமும் தலையைத் தடையின்றித் திருப்பிப் பார்க்க இயலும்வரை டிராக்டர் ஓட்டலாகாது.

தடுக்கும் வகை:— இரவில் செல்லும் வண்டிகளும் டிரெய்லர்களும் பின்புறத்தில் சிவப்பு விளக்கும் ஒளி திருப்பும் வில்லைகளும் உடையனவாயிருத்தல் அவசியம். இதற்காகும் சிறு செலவு, ஒரு பருவத்து உழைப்பை இழப்பதினும் மிகக் குறைவு.