கடற்கரைப் பயணமா? கடவுச்சீட்டைக் கைவிடாதீர்கள்

கொடகவெல, இறக்குவானை, காவத்தைப் பக்கத் தோட்டங்களில் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது: "தாய்லாந்து டூர். அப்படியே கம்போடியா, மலேசியா. மூணு நாட்டுக் கடலும் பார்க்கலாம். காசு பத்தாட்டி அங்கேயே ரெண்டு மாசம் வேலை செய்யலாம்." இதை நம்பி நகையை அடகு வைக்கிறார்கள். முன்பின் தெரியாதவர் கையில் கடவுச்சீட்டைக் கொடுக்கிறார்கள். பற்றுச்சீட்டுக்கூடக் கேட்பதில்லை. பிள்ளையின் தொலைபேசி அடங்கிய பிறகுதான் அலுவலகம் தேடி ஓடுகிறார்கள்.

ஊர் பார்க்கப் போவதில் தவறில்லை. நம் பிள்ளைகளும் போகட்டும். ஆனால் சுற்றுலாவோடு வேலையும் சேர்த்துப் பேசப்பட்டால் அங்கேயே நிறுத்துங்கள். 2024 ஜூலையில் தாய்லாந்து இலங்கையருக்கு விசா விலக்கு அளித்தது. அது சுற்றிப் பார்க்க மட்டுமே; வேலை செய்ய அல்ல.

2024இல் மியன்மாரின் மியாவாடி மோசடி முகாம்களில் இலங்கையர் பலர் சிக்கியிருந்தார்கள். இத்தகைய முகாம்களுக்கு ஆட்களைப் பாங்கொக்கில் இறக்கி, தாய்லாந்தின் எல்லை நகரான மே சொட் வழியாக எல்லை ஆற்றைக் கடக்கவைத்துக் கொண்டுபோகிறார்கள். அங்கே இணையத்தில் பிறரை ஏமாற்றும் வேலையை அடித்துச் செய்விக்கிறார்கள். 2025 ஜனவரியில் சீன நடிகர் வாங் சிங்கும் இதே வழியில் கொண்டுபோகப்பட்டு மீட்கப்பட்டார். கம்போடியாவின் சிஹானுக்வில் கடற்கரை நகரம்தான். மோசடி நிலையங்களுக்குப் பேர்போனதும் அதுவே.

புறப்படும் முன்

வேலை என்ற பேச்சு வந்தால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழையுங்கள். முகவரின் அனுமதிப்பத்திர இலக்கம் சரியா, அந்தக் குறிப்பிட்ட வேலைக்குப் பணியகம் அனுமதி கொடுத்திருக்கிறதா என்று இரண்டையும் கேளுங்கள். முதலாவதை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்புகிறவர்களே அதிகம். பிரதேச செயலகத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்புக்குப் பொறுப்பான அபிவிருத்தி உத்தியோகத்தரிடமும் விசாரியுங்கள்.

சுற்றுலா மட்டும்தான் என்றால், ஒவ்வொரு நாட்டுக்கும் விசா விதியைத் தனித்தனியே பாருங்கள். தாய்லாந்துக்கான மின்னியல் வருகை அட்டை 2025 மே முதல் கட்டாயம். அதற்குக் கட்டணம் இல்லை. காசு கேட்கும் தளத்தை மூடிவிடுங்கள். ஹோட்டல் பதிவை முகவர் தந்த இலக்கத்தில் அல்ல, ஹோட்டலுக்கே நேரடியாக அழைத்து உறுதிசெய்யுங்கள். கடவுச்சீட்டு, போகவர டிக்கெட், தங்குமிட முகவரிகள், முகவரின் தொலைபேசி இலக்கம், பணம் கட்டிய சீட்டு ஆகியவற்றின் பிரதிகளை வீட்டில் வையுங்கள்.

போன இடத்தில்

புக்கெட், கிராபி கடற்கரைகள் பாங்கொக்குக்குத் தெற்கே இருக்கின்றன. மே சொட் வடமேற்கே, ஏறக்குறைய 500 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. வண்டி அந்தப் பக்கம் போனால் ஆட்கள் நிற்கும் முதல் இடத்திலேயே இறங்கிவிடுங்கள். தாய்லாந்தின் சுற்றுலாப் பொலிஸ் இலக்கம் 1155. தாய்லாந்து–கம்போடியா எல்லையில் 2025 ஜூலையில் மோதல் மூண்டது. தரைவழியாக அந்த எல்லையைக் கடக்கும் திட்டத்துக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். கடவுச்சீட்டை யார் கேட்டாலும் பிரதியைக் காட்டுங்கள். எல்லை அதிகாரிக்கோ ஹோட்டல் வரவேற்பு மேசைக்கோ மூலத்தைக் காட்ட நேர்ந்தால், பார்த்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

சிக்கிக்கொண்டால்

வீட்டார் அன்றே பொலிஸில் முறைப்பாடு செய்து அதன் இலக்கத்தை வாங்க வேண்டும். "விரும்பித்தானே போனான்" என்று திருப்பியனுப்ப எந்த அதிகாரிக்கும் உரிமையில்லை. ஏமாற்றிப் பெற்ற சம்மதம் சம்மதமாகாது. ஆட்கடத்தலுக்கு நம் தண்டனைச் சட்டக்கோவை 20 ஆண்டுகள் வரை சிறை விதிக்கிறது. சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் புரியாமல் ஒப்பமிடாதீர்கள். நம் சப்ரகமுவ மாகாணத்திலும் அரச அலுவலரோடு தமிழில் கருமமாற்றும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது. அதைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து, பத்தரமுல்லை சுஹுருபாயவில் உள்ள வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் விவகாரப் பிரிவுக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். கடவுச்சீட்டு இலக்கம், பறந்த திகதி, கடைசியாக அனுப்பிய இருப்பிடம், முறைப்பாட்டு இலக்கம் எல்லாம் அதில் இருக்கட்டும். வட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள், அவைதான் சாட்சி. மீட்புப் பணம் கேட்டால் யாருக்கும் சொல்லாமல் அனுப்பாதீர்கள். ஒருமுறை கொடுத்தால் மறுபடியும் கேட்பார்கள்.

மறுபடியும் சொல்கிறேன்: 1989க்கு ஓர் அழைப்பு, வீட்டில் ஒரு கட்டுப் பிரதிகள். இரண்டும் முடியும்வரை முற்பணம் கொடுக்காதீர்கள், கடவுச்சீட்டையும் யாரிடமும் ஒப்படைக்காதீர்கள்.