கல்லூரி மாணவர் சாப்பாடும் நமது கல்லாப்பெட்டியும்

"வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். நல்ல எண்ணெயும் நல்ல பலசரக்கும் வாங்கிச் சாப்பிடுகிறவனுக்கு மருந்துக் கடையில் வேலையில்லை என்பது இதன் பொருள். நம் தொழிலுக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் கிடையாது. ஆனால் இன்று நமது கடைகளுக்கு வரும் கல்லூரி மாணவ, மாணவியருக்கு நாம் விற்கிற சரக்கைப் பார்த்தால், இந்தப் பழமொழியை நாமே பொய்யாக்கி வருகிறோமோ என்ற சந்தேகம் வருகிறது. அது பற்றிச் சில விவரங்களைச் சக வியாபாரிகளின் பார்வைக்கு வைக்க விரும்புகிறோம்.

மாணவர்களை நம்பிய ஊர்

பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று சொல்வார்கள். 1878-ல் தொடங்கிய தூய யோவான் கல்லூரி, 1923-ல் தொடங்கிய தூய சவேரியார் கல்லூரி, சாரா தக்கர் பெண்கள் கல்லூரி, சதக்கத்துல்லா அப்பா கல்லூரி, ஹைகிரவுண்டு மருத்துவக் கல்லூரி, சித்த மருத்துவக் கல்லூரி என்று பட்டியல் நீளும். பேட்டையில் ம.தி.தா. இந்துக் கல்லூரி இருக்கிறது. அபிஷேகப்பட்டியில் 1990-ல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்தது. நமது வண்ணார்பேட்டை பைபாஸ் ரோட்டிலேயே பொறியியல் கல்லூரி இருக்கிறது. ஜங்ஷனுக்கும் பாளைக்கும் நடுவில், சுலோசன முதலியார் பாலத்தைத் தாண்டியதும் இருப்பதால், எந்தக் கல்லூரிப் பிள்ளையும் ஒருவேளையாவது வண்ணார்பேட்டையில் கால் வைக்காமல் இருப்பதில்லை. கோடை விடுமுறை விட்டால் நமது சிறு கடைகளில் ஈ ஆடுவது எல்லோருக்கும் தெரிந்ததே.

எங்கள் கடை வாசலில் நடந்தது

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் காலை பதினொரு மணி இருக்கும். எங்கள் கடைக்கு வழக்கமாக வரும் ஒரு மாணவர், பக்கத்துத் தெருவில் அறை எடுத்துத் தங்கியிருந்தவர், ஷாம்பு பாக்கெட் வாங்க வந்து நின்றவர், அப்படியே மூட்டை மேல் சரிந்துவிட்டார். தண்ணீர் தெளித்து உட்கார வைத்து, "என்ன தம்பி, காலையில என்ன சாப்பிட்டிய?" என்று கேட்டோம். "ஒண்ணும் சாப்பிடல அண்ணாச்சி. நேத்து ராத்திரி ரெண்டு பரோட்டா, அவ்வளவுதான்" என்றார். கருப்பட்டிக் காப்பியும் இரண்டு பழமும் கொடுத்த பிறகு தெளிந்து எழுந்து போனார்.

அன்று இரவு கடை அடைக்கும்போது அவருடைய பற்றுச் சிட்டையை எடுத்துப் பார்த்தோம். நூடுல்ஸ், பிஸ்கட், சிப்ஸ், குளிர்பானம், மறுபடியும் நூடுல்ஸ். ஒரு மாதம் முழுவதும் ஒரு கிலோ அரிசி இல்லை, கால் கிலோ பருப்பு இல்லை, ஒரு முட்டை இல்லை. பணம் ஒழுங்காக வந்துவிட்டது, கணக்கில் குறையில்லை. ஆனால் எழுதியது எங்கள் கை. அந்தச் சிட்டை மனதை உறுத்தியது. இந்தக் கட்டுரைக்குக் காரணம் அதுதான்.

முன்பு எப்படி இருந்தது?

நாங்கள் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நிறுத்திக்கொண்டு எங்கள் தகப்பனார் கடைக்கு வந்தது 1970-களில். அப்போது அறை எடுத்துத் தங்கிய மாணவர்கள் மண்ணெண்ணெய் அடுப்பில் பொங்கிச் சாப்பிட்டார்கள். மாதப் பிறப்பில் அரிசி, துவரம் பருப்பு, புளி, வத்தல், உளுந்து என்று சிட்டை வரும். ஊரிலிருந்து தகப்பனார் வந்து பாக்கியை அடைத்துவிட்டு, "பையன் ஒழுங்கா சாப்பிடுதானா அண்ணாச்சி?" என்று எங்களிடம்தான் கேட்பார். பஸ்ஸில் வந்து போகிறவர்கள் தூக்குச்சட்டியில் புளிச்சோறோ, உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலுமோ கொண்டு வருவார்கள்.

அந்தக் காலத்தில் எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள் என்று சொல்ல வரவில்லை. பட்டினியோடு படித்தவர்கள் அன்று ஏராளம். காமராசர் மதிய உணவுத் திட்டம் கொண்டு வந்ததும், 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் தொடங்கியதும் அதனால்தான். 2022 செப்டம்பரில் அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவும் தொடங்கப்பட்டது. ஆனால் பள்ளியில் சோறு போட்ட கை, பிள்ளை கல்லூரிக்கு வந்தவுடன் விலகிவிடுகிறது. அந்த வயதில் அவன் சாப்பாட்டுக்கு மிஞ்சியிருப்பது விடுதிச் சாப்பாடு, ஓட்டல், அதற்கு அடுத்தபடி நமது கடை.

இன்றைய ஒரு நாள் கணக்கு

காலை ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய பிள்ளைக்கு வீட்டில் இட்லி வேகும் நேரம் கிடைப்பதில்லை. எட்டு மணிக்கு டீயும் பிஸ்கட்டும். பதினொரு மணி இடைவேளையில் பப்ஸ் அல்லது சமோசா. மதியம் சோறு கொண்டு வந்தவர் சாப்பிடுவார். மற்றவர்களுக்கு ஒரு பொட்டலம் தக்காளிச் சாதம். மாலை நாலு மணிக்கு குளிர்பானம், சிப்ஸ். இரவு எட்டு மணிக்குப் பரோட்டா, சால்னா. படிப்போ செல்போனோ, பன்னிரண்டு மணி வரை விழிக்கிறவருக்கு நூடுல்ஸ். மறுநாள் நேரம் கழித்து எழுந்தால் மீண்டும் காலைச் சாப்பாடு இல்லை.

இதில் மாணவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. சமைக்க நேரமில்லை, அறையில் அடுப்புக்கு அனுமதியில்லை, கையில் மொத்தமாகப் பணம் இருப்பதில்லை. பத்து ரூபாய்க்குக் கிடைப்பது எதுவோ அதைத்தான் வாங்குகிறார்கள். அந்தப் பத்து ரூபாய்ச் சரம் நம் கடை முகப்பில் தொங்குகிறது. அவலும் பொரிகடலையும் பின்னால் மூட்டையில் கிடக்கின்றன.

முகப்பில் இருப்பதுதான் விற்கும் என்பதற்கு ஓர் உதாரணம். 2015 ஜூனில் மேகி நூடுல்ஸைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறச் சொல்லி மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்து மறுபரிசோதனைக்குச் சொன்னது. நவம்பரில் சரக்கு மறுபடியும் கடைக்கு வந்தது. இடைப்பட்ட அந்த ஐந்து மாதமும் எங்கள் கடைக்கு வந்த மாணவர்கள் பட்டினி கிடக்கவில்லை. சேமியாவும், அவலும், முட்டையும் வாங்கிப் போனார்கள்.

தராசில் வைத்துப் பார்ப்போம்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் வெளியிட்ட அளவின்படி, ஓர் ஆணுக்கு நாள் ஒன்றுக்கு 54 கிராம், பெண்ணுக்கு 46 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் இருக்கிறது. 30 கிராம் நிலக்கடலையில், அதாவது ஒரு கை அளவில், சுமார் 7 கிராம் இருக்கிறது. ஆக, இரண்டு அவித்த முட்டையும் ஒரு கை கடலையும் சாப்பிட்டால் ஒரு நாள் தேவையில் மூன்றில் ஒரு பங்கு தேறிவிடும். கூட இரண்டு வாழைப்பழம் வைத்தாலும் ஒரு பப்ஸும் குளிர்பானமும் வாங்குகிற காசுக்குள்தான் ஏறத்தாழ வரும்.

250 மில்லி குளிர்பானத்தில் 25 கிராம் வரை சீனி இருக்கிறது. அதாவது ஐந்து தேக்கரண்டிக்குக் குறையாது. உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது; இது 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குச் சமம். நூடுல்ஸ் பாக்கெட்டின் பின்புறம் சோடியம் எவ்வளவு என்று அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள். இரவில் இரண்டு பாக்கெட் போடுகிறவர் எவ்வளவு உப்புத் தின்கிறார் என்பது விளங்கும்.

மாணவியர் விஷயம் இன்னும் கவனிக்க வேண்டியது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் இரத்தசோகை இருப்பது தெரிய வந்தது. நம் வட்டாரத்தில் வயசுக்கு வந்த பெண்பிள்ளைக்கு உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கருப்பட்டியும் கொடுத்து வந்தவர்கள் காரணமில்லாமல் செய்யவில்லை. எள், கம்பு, பயறு, கீரை இவற்றில் இரும்புச் சத்து உண்டு. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்தச் சத்து உடம்பில் சேர்வது குறையும்; எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்ந்தால் கூடும்.

சட்டமும் வரியும்

புகையிலைப் பொருள்களைக் கல்வி நிறுவனங்களிலிருந்து 100 கெஜத்துக்குள் விற்கக் கூடாது என்று 2003-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இது கல்லூரிக்கும் பொருந்தும். கல்லூரி வளாகங்களில் நொறுக்குத் தீனி விற்பனையைத் தடுக்கும்படி பல்கலைக்கழக மானியக் குழு 2016-லும் 2018-லும் சுற்றறிக்கை அனுப்பியது. வளாகத்துக்கு வெளியே கடை வைத்திருக்கும் நம்மை அது கட்டுப்படுத்தாது. ஆனால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதைக் காட்டுகிறது.

2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட்டின் ஜி.எஸ்.டி. 18-லிருந்து 5 சதவீதமாகவும், நூடுல்ஸுக்கு 12-லிருந்து 5 சதவீதமாகவும் குறைந்தது. சீனி சேர்த்த காஸ் பானங்களுக்கு 40 சதவீதம் ஆனது. இதனால் பாக்கெட் சரக்கு இன்னும் சுலபமாக விற்கும். ஆனால் அதில் நமக்குக் கிடைப்பது கம்பெனி வைத்த கமிஷன் மட்டுமே. அதே பாக்கெட்டைப் பெரிய ஸ்டோர்காரரும், செல்போனில் ஆர்டர் எடுக்கிறவரும் நம்மைவிடக் குறைத்துக் கொடுக்க முடியும். கடலை, அவல், பயறு, பழம் இவற்றில் தரம் பார்த்து வாங்கும் கண் நம்முடையது. லாபமும் நம் கையில் இருக்கிறது.

நாம் செய்யக் கூடியவை

1. கடை முகப்பில் ஒரு தட்டு ஒதுக்குங்கள். வறுத்த கடலை, பொரிகடலை, எள்ளுருண்டை, கோவில்பட்டிக் கடலைமிட்டாய், பேரீச்சை ஆகியவற்றைப் பத்து ரூபாய், இருபது ரூபாய்ப் பொட்டலமாக வையுங்கள். செய்தித்தாளில் மடிக்க வேண்டாம். 2018-ஆம் ஆண்டு விதி அதைத் தடை செய்கிறது. வெள்ளைத் தாள் போதும்.

2. வாழைப்பழம் தினமும் வாங்குங்கள். ஆரம்பத்தில் நாங்கள் முழுத்தாராக வாங்கிப் பாதியை மாட்டுக்குப் போட்டோம். பிறகு அரைப்பழுப்பாக இரண்டு, மூன்று சீப்பு மட்டும் எடுத்ததில் நஷ்டம் நின்றது.

3. கடலையில் கவனம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் ஏறினால் பூஞ்சை பிடிக்கும். அதில் உண்டாகும் அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சு ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் முழுவதும் போகாது. கறுத்த, சுருங்கிய பருப்பைப் பொறுக்கி எறியுங்கள். மூட்டையைத் தரையில் போடாமல் பலகை மேல் வையுங்கள்.

4. அறை எடுத்துத் தங்கியிருக்கும் மாணவர்களுக்கு அரைக் கிலோ அரிசி, 100 கிராம் பருப்பு, நாலு முட்டை என்று சிறு அளவில் கொடுக்கத் தயங்காதீர்கள். சில்லறை வேலை என்று முகம் சுளித்தால் அவர்கள் பாக்கெட்டுக்குத்தான் போவார்கள்.

5. கேட்டுப் பழகுங்கள். "சாப்பிட்டியளா தம்பி?" என்று ஒரு வார்த்தை. அதற்குச் செலவில்லை.

இதையெல்லாம் செய்ததால் எங்கள் கடையில் நூடுல்ஸ் விற்பனை நின்றுவிடவில்லை. இன்றும் விற்கிறோம், கேட்கிறவருக்கு இல்லை என்று சொல்வது வியாபாரமாகாது. ஆனால் நூடுல்ஸ் வாங்குகிற பிள்ளை கூடவே இரண்டு முட்டையும் வாங்கிப் போகிறது. முகப்புத் தட்டு மாலைக்குள் காலியாகிவிடுகிறது.

மயங்கி விழுந்த அந்த மாணவர் படிப்பு முடித்து வேலைக்குப் போய்விட்டார். போவதற்கு முன் அவர் தகப்பனார் ஊரிலிருந்து வந்து எங்கள் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க பாத்துக்கிட்டியன்னு பையன் சொன்னான் அண்ணாச்சி" என்றார். எங்களுக்கு வெட்கமாக இருந்தது. முதல் வருடம் நாங்கள் பார்த்துக்கொண்டது அவர் கொடுத்த பணத்தை மட்டும்தானே! கிராமத்திலிருந்து பிள்ளையை அனுப்பிவிட்டு, அண்ணாச்சி கடை பக்கத்தில் இருக்கிறது என்று நம்பிக்கையோடு இருக்கிற பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கைக்கு ஏற்ற சரக்கை நமது கடை முகப்பில் வைப்போம்.